மைதானம் கட்டப் போகிறவன் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

2034 உலகக் கோப்பை கால்பந்து சவூதி அரேபியாவில் என்று 2024 டிசம்பர் 11 அன்று ஃபிஃபா முடிவு செய்தது. எதிர்த்து வேறு எந்த நாடும் நிற்கவில்லை. உறுப்பு நாடுகள் காணொலியில் கூடிக் கைதட்டின, வாக்கெடுப்பு அவ்வளவுதான். அதிலிருந்து கொஞ்ச நாளிலேயே என் கடைக்கு வரும் பையன்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "அண்ணா, ஸ்டேடியம் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களாமே, உண்மையா?"

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே பிரவுசிங், பாஸ்போர்ட் விண்ணப்பம், விசா பிரிண்ட், ஆன்லைன் மனு. குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, பரங்கிப்பேட்டை, லால்பேட்டை எனச் சுற்று வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்களில் பலருடைய காகிதம் ஒரு முறையாவது என் மேசைக்கு வந்து போகும். போகும்போது மெடிக்கல் ரிப்போர்ட்டும் டிக்கெட்டும் வரும். ஏதாவது நடந்துவிட்டால் வீட்டுப் பெண்கள் மனு எழுத வருவார்கள். கால்பந்தும் எனக்கு உயிர். அண்ணா விளையாட்டரங்கத்தில் காலையில் பந்து ஆடும் நடுவயதுக் கூட்டத்தில் நானும் ஒருவன். போட்டி நடத்தும் நாடுகளின் மனித உரிமை என்கிற விஷயம் தொலைக்காட்சி விவாதம் வழியாக எனக்கு வந்து சேரவில்லை. கத்தார் போட்டிக்கு முந்தைய வருடங்களில் இந்த மேசை வழியாகத்தான் வந்தது.

நான் சொல்ல வருவது இதுதான். போட்டி நடத்தும் நாட்டிடம் ஒன்றைக் கேட்டு வாங்க முடிகிற காலம் ஒன்று உண்டு. இடம் அறிவிக்கப்பட்ட நாளில் தொடங்கி முதல் விசிலோடு அது முடிந்துவிடும். சவூதியைப் பொறுத்தவரை அந்தக் காலம் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

கத்தார் கதையைத் தேதி வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2010 டிசம்பர் 2 அன்று, 2022 உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு கத்தாருக்குக் கிடைத்தது. அப்போது அங்கே கஃபாலா முறை முழு வேகத்தில் இருந்தது. வேலை கொடுக்கும் கஃபீல்தான் உங்கள் விசாவுக்கும் பொறுப்பாளி. அவர் என்.ஓ.சி. தராமல் வேறு கம்பெனிக்கு மாற முடியாது. அவர் எக்சிட் பர்மிட் தராமல் நாட்டை விட்டே கிளம்ப முடியாது. அம்மா செத்துப் போனாலும் கிளம்ப முடியாது. முதல் சில ஆண்டுகளில் பெரிதாக எதுவும் மாறவில்லை. 2014இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பில் கத்தார் மீது புகார் போனது. விசாரணை ஆணையம் அமைக்கப்படுமோ என்கிற நெருக்கடி இருந்துகொண்டே இருந்தது. 2017 நவம்பரில் கத்தார் சீர்திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டது, புகார் முடித்து வைக்கப்பட்டது. 2018இல் அந்த அமைப்பின் அலுவலகம் தோகாவிலேயே திறந்தது. அதே ஆண்டு பெரும்பாலான தொழிலாளர்களுக்கு எக்சிட் பர்மிட் நீங்கியது. 2020இல் வேலை மாற என்.ஓ.சி. தேவையில்லை என்று சட்டம் வந்தது. 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். கம்பெனி சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்காவிட்டால் அவற்றுக்கு 300, 500 என்று தனியாகத் தர வேண்டும்.

எல்லாமே போட்டிக்கு முன்னால் நடந்தவை. முதல் விசிலுக்குள் கைக்கு வராதது என்ன ஆனது? இறந்தவர்கள், சம்பளம் ஏமாந்தவர்கள், ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டியவர்கள் ஆகியோருக்கு நிவாரணமாகக் குறைந்தது 44 கோடி டாலர் ஒதுக்குங்கள் என்று ஆம்னஸ்டி உள்ளிட்ட மனித உரிமை அமைப்புகள் 2022 மே மாதத்திலேயே ஃபிஃபாவிடம் கேட்டன. அணிகளுக்குத் தரும் மொத்தப் பரிசுத் தொகை எவ்வளவோ அவ்வளவுதான் கேட்டார்கள். 2019 முதல் 2022 வரையிலான நான்கு ஆண்டில் ஃபிஃபாவின் வருமானம் 750 கோடி டாலருக்கு மேல். அந்த நிவாரணம் வரவில்லை. 2024இல் 5 கோடி டாலரில் ஒரு மரபுரிமை நிதி அறிவித்தார்கள். அதிலும் இறந்தவர் குடும்பத்துக்கு நேராகப் போகும் தொகை இல்லை.

சட்டம் மாறியது நல்ல விஷயம். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். எக்சிட் பர்மிட் போன பிறகு ஊருக்கு வந்து தங்கையின் கல்யாணத்தில் நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மேசைக்கு வந்த காகிதங்களில் இன்னொன்றும் தெரிந்தது. ஸ்டேடியத்தில் வேலை செய்தவர்களுக்கு உலகக் கோப்பைக் குழு வகுத்த தனி நலவிதிகள் இருந்தன. கேம்ப் ஓரளவு சுத்தம். ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தை, தொழிலாளியிடம் ரசீது கேட்காமலே மாதாமாதம் திருப்பித் தர ஒப்பந்ததாரர்களைச் சம்மதிக்க வைத்தார்கள். ஊர் திரும்பிய ஒரு கம்பி கட்டும் தொழிலாளி, சம்பளச் சீட்டில் அந்தத் தொகை தனி வரியாக வந்ததைக் காட்டியபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் ஸ்டேடியம் என்பது மொத்த வேலையில் சின்னப் பங்கு. மெட்ரோ, ரோடு, ஹோட்டல், அடுக்குமாடி, விமான நிலையம் என்று மற்றதெல்லாம் வெளியே. அங்கே ஆள் சப்ளை செய்யும் கம்பெனி மூலம் போனவர்களுக்கு அந்த விதி எதுவும் பொருந்தாது. கேமரா எங்கே திரும்பியதோ அங்கே மட்டும் வெளிச்சம் இருந்தது.

அதே தொழிலாளி, ஸ்டேடியம் வேலை முடிந்ததும் ஒரு சப்ளை கம்பெனிக்கு மாறினார். சம்பளம் மூன்று மாதம் பாக்கி. கேட்டவர்களின் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே ஆள், ஒரே நகரம், நடுவில் ஒரு வேலி.

இனி மரணங்கள். இதில் நிதானமாகப் பேச வேண்டும். "ஸ்டேடியம் கட்டும்போது 6,500 பேர் இறந்தார்கள்" என்று ஒரு வாட்ஸப் செய்தி எல்லோருக்கும் வந்திருக்கும். 2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் சொன்னது வேறு. இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாட்டுத் தொழிலாளர்களில், கத்தாருக்குப் போட்டி கிடைத்ததிலிருந்து பத்தாண்டில் எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 6,500க்கு மேல். அதில் இந்தியர்கள் 2,711 பேர். ஸ்டேடியம் வேலையில் நேரடியாக இறந்தவர்கள் மூன்று பேர்தான் என்று உலகக் கோப்பைக் குழு சொல்லி வந்தது. அதே குழுவின் தலைமைச் செயலர் 2022 நவம்பரில் ஒரு பேட்டியில், போட்டி தொடர்பான எல்லாப் பணிகளையும் சேர்த்து 400இலிருந்து 500 வரை இருக்கலாம் என்றார். மூன்றுக்கும் 500க்கும் நடுவில் எத்தனை வீடுகள்! எண்ணைக் கூட்டிச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. நாம் தவறாகச் சொல்லும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு, மொத்தக் கேள்வியையும் தள்ளிவிட எதிர்த்தரப்புக்கு வழி கிடைத்துவிடுகிறது.

உண்மையான கேள்வி எண்ணிக்கை இல்லை, காரணம். அந்த இந்திய மரணங்களில் சுமார் 80 சதவீதம் இயற்கை மரணம் என்று பதிவாகியிருந்தது. இதயம் நின்றது, மூச்சு நின்றது என்றுதான் எழுதியிருக்கும். எதனால் நின்றது என்று பிரேதப் பரிசோதனை செய்து பார்ப்பது அபூர்வம். திடீர் மரணங்களில் பரிசோதனை செய்ய வழி செய்யுங்கள் என்று, கத்தார் அரசே அமர்த்திய சட்ட நிறுவனம் 2014இல் பரிந்துரைத்திருந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. நேபாளத் தொழிலாளர்களின் மரணங்களை ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வெயில் ஏறும் மாதங்களில் இதய மரணமும் ஏறியதைக் காட்டியது. அப்படி இறந்த 571 பேரில் 200 பேர் வரை காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்றது.

குறிஞ்சிப்பாடி பக்கத்து கிராமத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கணவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, சாரம் கட்டும் வேலை. இரவு கேம்பில் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. வந்த சான்றிதழில் இயற்கை மரணம். அதனால் வேலையிட மரணத்துக்கான இழப்பீடு கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. நம் அரசின் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டில் 10 லட்சம் உண்டு, ஆனால் அது விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். ஒரு காகிதத்தில் எழுதிய ஒரு வரியால் இரண்டு பக்கக் கதவும் மூடிவிட்டது. கடைசியில் அவருக்குக் கிடைத்தது பணிக்கொடையும் பாக்கிச் சம்பளமும். "அவர் நல்லா இருந்துதான் போனாரு தம்பி. நெஞ்சு படம் எல்லாம் எடுத்துத்தான் அனுப்பினாங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மெடிக்கல் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டேன். ஏஜென்டிடம் கொடுத்ததோடு சரி, வீட்டில் நகல் இல்லை. கையில் இருந்திருந்தால் பணம் வந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால், ஆரோக்கியமான ஆளை அனுப்பினோம், என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என மனுவில் ஆதாரத்தோடு கேட்டிருக்கலாம். அன்றிலிருந்து வளைகுடா மெடிக்கல் ரிப்போர்ட் யார் கொண்டு வந்தாலும் இரண்டு நகல் எடுத்து ஒன்றை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறேன்.

2022 போட்டி நெருங்கியபோது புதுச்சேரியில் ஒரு நண்பருடன் நீண்ட வாக்குவாதம் வந்தது. அவர்கள் சொல்தா குடும்பம், தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வீட்டில் பாதிப் பேருக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்ஸ் ஆடினால் அந்தத் தெருவுக்கே காய்ச்சல் வரும். ஆனால் அந்த முறை பாரிஸ், மார்செய், லீல், போர்தோ, ஸ்த்ராஸ்பூர் நகராட்சிகள் எல்லாம் மனித உரிமையையும் சுற்றுச்சூழலையும் காரணம் காட்டிப் பொது இடத்தில் பெரிய திரை வைக்க மாட்டோம் என்று அறிவித்தன. "பாரிஸே ஸ்கிரீன் வேணாம்னு சொல்லிடுச்சு. நாம மட்டும் வச்சு கைதட்டலாமா?" என்று கேட்டார் நண்பர். நல்ல மனசோடு கேட்ட கேள்வி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வைப்போம் என்றேன். பாரிஸிலிருந்து யாரும் சாரம் கட்டப் போகவில்லை, நம் ஊரிலிருந்து போயிருக்கிறார்கள். அந்தத் திரையின் முன்னால் உட்காரப் போகிறவர்கள் அவர்களுடைய அண்ணன் தம்பிகள். அவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் சந்தர்ப்பம் வேறு எப்போது கிடைக்கும்?

புறநகர் பக்கமில்லை, பழைய கடலூரிலேயே ஒரு தெருவில் திரை கட்டினோம். பக்கத்தில் ஒரு மேசை, லேப்டாப், பிரிண்டர். வெளிநாட்டில் ஆள் இருக்கும் குடும்பங்கள் காகிதம் கொண்டு வாருங்கள், சரிபார்த்துத் தருகிறோம் என்று முன்னரே சொல்லியிருந்தோம். ஆட்டம் தொடங்கும் முன்பும் இடைவேளையிலும் கூட்டம் அங்கேதான். முக்கால்வாசி வீட்டில் ஏஜென்டின் செல்போன் எண் இருந்தது, வேலை செய்யும் கம்பெனியின் பெயர் தெரியவில்லை. "கத்தார்ல இருக்கான்" என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. காப்பீடு காலாவதியானது பலருக்குத் தெரியாது. போட்டியைப் புறக்கணித்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது எதுவும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. புதுச்சேரி நண்பரும் வந்து அந்த மேசையில் உட்கார்ந்தார். இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் பெனால்டியில் தோற்ற அன்று அவர் அழுததைப் பற்றி எழுதினால் கோபப்படுவார். ஆனாலும் எழுதுகிறேன், பிரியத்தோடுதான்.

புறக்கணிப்பே கூடாது என்பது என் கட்சி இல்லை. 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா போனது. எதிரே நிறவெறி அரசு ஆண்ட தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது, கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போனது. விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும், நம் சென்னைப் பிள்ளைகள், கையில் வந்த வாய்ப்பை இழந்தார்கள். அந்த மறுப்புக்கு அர்த்தம் இருந்தது. ஒலிம்பிக்கிலிருந்து கிரிக்கெட் வரை உலகமே அந்த நாட்டை ஒதுக்கி வைத்திருந்தது. நிறவெறிச் சட்டங்களை நீக்கு என்று கேட்டது எல்லோருக்கும் தெரிந்த ஒரே கோரிக்கை.

2013இல் இலங்கை வீரர்கள் வரக் கூடாது என்று சொல்லி, சென்னையில் நடக்க வேண்டிய ஆசிய தடகளப் போட்டியைத் தமிழ்நாடு அரசு நடத்த மறுத்தது. போட்டி புனேவுக்குப் போனது. அன்றிருந்த கோபம் நியாயமானது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த மறுப்போடு சேர்த்து, யார் எதைச் செய்தால் போட்டி திரும்பச் சென்னைக்கு வரும் என்று ஒரு கோரிக்கை வைக்கப்படவில்லை. சொந்த மண்ணில் ஓட வேண்டிய நம் பிள்ளைகள் புனேவுக்கு ரயில் ஏறினார்கள், போர்க்குற்ற விசாரணை அதனால் ஓர் அடி நகரவில்லை.

அரசியலையும் விளையாட்டையும் கலக்கக் கூடாது என்று சம்மேளனங்கள் எப்போதும் சொல்லும். ஆனால் நினைத்தால் ஒரு நாட்டின் மேல் அவர்களால் நடவடிக்கை எடுக்க முடியும் என்பதற்கு நம் கண் முன்னாலேயே சாட்சி இருக்கிறது. கிரிமியாவை 2014இல் இணைத்துக்கொண்ட ரஷ்யா, 2018 உலகக் கோப்பையை ஜாம் ஜாமென்று நடத்தியது. அதே ரஷ்யா 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனுக்குள் நுழைந்தது. நான்கே நாளில் ஃபிஃபா ரஷ்ய அணிகளை நிறுத்தி வைத்தது. சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸுக்கு மாறியது. ரஷ்யாவில் நடக்க வேண்டிய செஸ் ஒலிம்பியாட் பறிக்கப்பட்டு மாமல்லபுரத்துக்கு வந்தது. ஈசிஆரில் நாங்களும் போய்ப் பார்த்தோம். அங்கே பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியது உக்ரைன். மனம் இருந்தால் நான்கு நாளில் செய்ய முடிந்ததை, தொழிலாளிக்காக என்று வரும்போது பத்தாண்டு இழுக்கிறார்கள்.

வெளிநாட்டைப் பற்றி மட்டும் பேசினால் நேர்மை ஆகாது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குக் கட்டிய இடங்களில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் குறைந்தபட்சக் கூலிகூட இல்லாமல் தகரக் கொட்டகையில் கிடந்தார்கள். மனித உரிமை அமைப்பினர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் அமைத்த குழு நேரில் போய்ப் பார்த்து, நலவாரியப் பதிவு முதல் பாதுகாப்புக் கருவி வரை எதுவும் சரியில்லை என்று அறிக்கை கொடுத்தது. அங்கேயும் அதே கதைதான். போட்டி நாள் நெருங்கும்போது கேட்டதற்குக் கொஞ்சம் பதில் கிடைத்தது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வந்திருக்கிறது, 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்கிறது. கடலூர் சிப்காட்டில் வேலை செய்யும் பிகார், ஒடிசா பையன்கள் இப்போதே அங்கே போவதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்களும் என் கடையில்தான் ஆதார் நகல் எடுக்கிறார்கள்.

சரி, சவூதிக்குக் கிளம்புகிறவனுக்கு நான் என்ன சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். போகாதே என்று சொல்வதில்லை. வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அந்த அறிவுரைக்கு நான் யார்?

முதலில் ஏஜென்ட். இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் இருக்கிறது. உரிம எண்ணை வாங்கி அங்கே போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், ரசீதாவது மிஞ்சும். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறோம் என்பவர் நம்மை எந்தக் கணக்கிலும் இல்லாத ஆளாக ஆக்குகிறார். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயம். அதைத் தாண்டிப் போனால் காப்பீடும் இல்லை, தூதரகப் பதிவிலும் பெயர் இருக்காது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் ஆள் எடுக்கிறார்கள், அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிறகு ஏஜென்டிடம் போகலாம்.

அடுத்தது ஒப்பந்தம். இங்கே காட்டுவது 1,500 ரியால், அங்கே இறங்கியதும் அரபியில் 900 ரியாலுக்கு ஒரு தாள் நீட்டுவார்கள். இது கத்தாரில் பலருக்கு நடந்தது. இங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனில் வையுங்கள். கம்பெனியின் முழுப் பெயர், முகவரி, பணி இடம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சாமி மாடத்திலோ பீரோவிலோ வையுங்கள். சவூதியில் இக்காமா என்கிற குடியிருப்பு அட்டை வந்ததும் கிவா என்ற அரசுத் தளத்தில் உங்கள் ஒப்பந்தம் என்ன சம்பளத்துக்குப் பதிவாகியிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். வித்தியாசம் இருந்தால் ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். சவூதியில் வெளிநாட்டுத் தொழிலாளிக்குச் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது. அதனால் இதற்குக் குறைந்த சம்பளத்துக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று இந்திய அரசு நிர்ணயிக்கும் குறிப்பு ஊதியம்தான் நமக்கு இருக்கும் ஒரே பிடி. அதையே 2020 செப்டம்பரில் நம் அரசு வளைகுடாவுக்குக் குறைத்தது. வேலை போய்விடும் என்பது காரணமாம். எதிர்ப்பும் வழக்கும் வந்த பிறகு 2021இல் பழைய நிலைக்குக் கொண்டு வந்தார்கள். நம் வீட்டுப் பக்கமும் கேட்க ஆள் வேண்டும் என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

பீமா யோஜனாவுக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். வாரிசுதாரர் பெயர் ஆதாரில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். மனைவி பெயர் ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்து அலைந்த குடும்பங்கள் உண்டு. காலாவதி தேதியை வீட்டுக் காலண்டரில் வட்டம் போடுங்கள், அங்கே இருந்தபடியே புதுப்பிக்கலாம். அயலகத் தமிழர் நலவாரியத்திலும் பதிவு செய்யுங்கள்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு, டைம் ஷீட்டை வாரம் ஒரு முறை படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறேன். எத்தனை மணி நேரம் ஓ.டி., எத்தனை மணிக்கு வெயிலில் நின்றார் என்பதற்கு அதுதான் சாட்சி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சவூதி விதி. தலை சுற்றல், வாந்தி, சிறுநீர் கருத்துப் போவது என்று எது வந்தாலும் மனைவிக்கு வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். பயமுறுத்த வேண்டாம் என்று மறைக்காதீர்கள். பிறகு தேவைப்பட்டால் தேதியோடு அது கையில் இருக்கும்.

கேட்கவே கூடாத செய்தி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உடல் சீக்கிரம் வர வேண்டும் என்ற தவிப்பில் எந்தத் தாள் நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். தடையின்மைச் சான்று தனி, பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டோம் என்று எழுதிய தாள் தனி. இரண்டாவதில் பணம் வராமல் கையெழுத்து வேண்டாம். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் தளத்தில் புகார் பதிந்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்து, அதற்கும் ரசீது வாங்குங்கள். தூதரகத்துக்கு எழுதும்போது நான்கு விஷயம் எழுத்தில் கேட்க வேண்டும்: மருத்துவமனை அறிக்கை, காவல்துறை அறிக்கை, வேலை நேரப் பதிவு, மரணத்தின் காரணத்தைக் கண்டறியப் பிரேதப் பரிசோதனை. கடைசியானது கிடைக்கும் என்று உறுதி தர முடியாது. ஆனால் கேட்டதாகப் பதிவு இருந்தால், பின்னால் இயற்கை மரணம் என்று முடிக்கும்போது கேள்வி எழுப்ப இடம் இருக்கும். சவூதியில் வேலையிட விபத்துக்கு கோசி என்ற சமூகக் காப்பீட்டில் முதலாளி பணம் கட்ட வேண்டும். கணவர் பெயர் அதில் பதிவாகியிருந்ததா என்றும் சேர்த்துக் கேளுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு அன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள், தாமதமாவது பெரும்பாலும் அங்கேதான்.

ஃபிஃபாவுக்கு 2017 முதல் மனித உரிமைக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது, போட்டி கேட்கும் நாடு அதற்கு எழுத்தில் உறுதி தர வேண்டும். சவூதியின் விண்ணப்பத்தை மதிப்பிட்ட ஃபிஃபா, மனித உரிமை ஆபத்து நடுத்தரம் என்றது. ஆறு மாதம் முன்னதாகத்தான் சர்வதேசக் கட்டுமானத் தொழிலாளர் சங்கம் சவூதி மீது சர்வதேச தொழிலாளர் அமைப்பில் புகார் கொடுத்திருந்தது. 15 மைதானங்கள், 48 அணிகள், புதிய ரயில் பாதைகள், ஹோட்டல்கள். அதற்கு முன்னால் 2027 தொடக்கத்தில் ஆசியக் கோப்பையும் அங்கேதான். அந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியாவும் விண்ணப்பித்து, 2022 டிசம்பரில் விலகிக்கொண்டது. கைதட்டிய நாடுகளோடு நம் கால்பந்து சம்மேளனமும் இருக்கிறது. உறுப்பினர் என்ற முறையில் கேள்வி கேட்கும் உரிமையும் அதற்கு உண்டு.

அதனால் காலையில் பந்து ஆடும் எங்கள் கூட்டம் ஒரு மனு தயாரித்திருக்கிறது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும், கடலூர், சிதம்பரம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். மூன்றே கோரிக்கைகள். ஸ்டேடியத்துக்கு மட்டும் இல்லாமல் போட்டிக்காகக் கட்டும் ரோடு, ஹோட்டல், ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே தொழிலாளர் நலவிதி வேண்டும். ஐம்பது வயதுக்குக் கீழ் இறக்கும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் காரணம் கண்டறியும் பரிசோதனை வேண்டும், அறிக்கை குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும். நிவாரண நிதியை முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒதுக்கி வைக்க வேண்டும். இதுவரை பதில் வரவில்லை. புதுச்சேரி நண்பர் அதையே பிரெஞ்சில் எழுதி, அங்கே இருக்கும் உறவினர்கள் வழியாக பிரெஞ்சு சம்மேளனத்துக்கு அனுப்புகிறார்.

மனுவின் தமிழ் மாதிரி கடைக் கணினியில் இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளப், ஜமாத், மன்றம், பள்ளி பழைய மாணவர் சங்கம் எதன் பெயரில் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம். வாருங்கள், பிரிண்ட் எடுத்துத் தருகிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை.